நெஞ்சு வலி இல்லை

முதலில் விழுந்தவர் அத்தான். அக்கா அல்ல.

அதிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும். தை மாதம், சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. நெடுங்காட்டுப் பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம். அறுப்பு மெஷின் வயலுக்குள் ஓடிக்கொண்டிருக்க, வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. மெஷின்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குதித்து ஓடிவந்தார். பக்கத்து வயலில் இருந்தவர்களும் ஓடிவந்தார்கள். யாரோ கார் கொண்டுவந்தார்கள். நான் காரைக்கால் டவுனில் இருக்கிறேன். தகவல் வந்து, ஆட்டோ பிடித்து, நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அத்தானுக்கு ஈசிஜி எடுத்து, ரத்தம் எடுத்து, கையில் ஊசி ஏற்றி, பாண்டிக்கு அனுப்ப ஆம்புலன்ஸும் தயாராக நின்றது.

அக்கா ஆம்புலன்ஸின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையெல்லாம் வைக்கோல் தூசி. "அவருக்கு ஒண்ணும் ஆவாதுல்லடி?" என்று என்னைக் கேட்டாளே தவிர பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஏறி அவர் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

பாண்டியில் ஆஞ்சியோகிராம் வரைக்கும் பார்த்தார்கள். ஒரு அடைப்பும் இல்லை. முந்தின நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்ட பிரியாணி செய்த வேலை, வெறும் கேஸ். வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். "பிரியாணிக்கு ஆம்புலன்ஸ் வெச்ச ஆளு" என்று கேலி பேசினார்கள். அத்தானும் சிரித்தார். எல்லோருமே சிரித்தோம். அதில் தப்பொன்றும் இல்லை. ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன செய்யவேண்டுமோ அதை எல்லோரும் செய்திருந்தார்கள். யாரும் ஒரு நொடி தயங்கவில்லை. இன்றுவரை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்த வேகத்தைத்தான்.

அக்கா அம்பகரத்தூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை நானும் அவளும் போய் மாவிளக்கு போட்டுவிட்டு வந்தோம். திரும்பும்போது பஸ் படியில் ஏறியவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கண்டக்டர் "உள்ள போங்கம்மா, உள்ள போங்க" என்று விரட்டினார். சீட்டில் உட்கார்ந்ததும் உள்ளங்கையை இடது தாடையில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"பல்லாக்கா?"

"தெரியலடி. நடந்தா வருது, உக்காந்தா போயிடுது. இது என்ன பல்லு வலியோ, நம்மகூட வெளயாடுது."

அது எனக்கு வேடிக்கையாகப் பட்டது. அவளுக்கும்தான்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தாள். ஒரே மகள், அவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருந்தாள். அக்கா இரண்டு மாடு வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றினாள். சத்தமாகப் பேசுவாள், சத்தமாகச் சிரிப்பாள், தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். பகலில் படுத்து நான் அவளைப் பார்த்ததே இல்லை. அந்தக் கோடையில் ஒருநாள் சொல்லாமல் போய் நின்றபோது, அடுப்படித் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, திருட்டுத்தனம் செய்து பிடிபட்டவள்போலச் சிரித்தாள்.

"ஒண்ணுமில்லடி. தவிடு மூட்டைய நகத்துனேன். அப்படியே ஓய்ஞ்சு போச்சு."

பல் டாக்டரிடம்தான் முதலில் போனாள். படம் எடுத்துப் பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்றில் லேசாகச் சொத்தை இருந்தது. அதைப் பிடுங்கினார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். மறு வாரம் ஃபோனில், "பல்லு போயிடுச்சு, வலி போவலடி" என்றாள். "நல்ல பல்லா இருந்துச்சு. கரும்பு கடிக்கிற பல்லு."

அடுத்து ஒரு பொது மருத்துவர். நானும் கூடப் போயிருந்தேன். அக்கா களைப்பைச் சொன்னாள், தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகு பிசைவதைச் சொன்னாள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டே கேட்டார்:

"தீட்டு நின்னுடுச்சா?"

"போன வருஷம் நின்னுச்சுங்க."

"அதான்."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிட்டது. கால்சியம் மாத்திரை, கேஸ் மாத்திரை, ஒரு டானிக். இன்னொரு டாக்டர் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசினார். வீட்டில் ஏதாவது கவலையா என்று கேட்டார். அக்கா அத்தான் விழுந்த கதையைச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. "அதான்" என்று அவரும் சொன்னார். மனசு அமைதியாக இருக்க ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

இரண்டு பேருமே ஒரு கேள்வியை மறக்காமல் கேட்டார்கள். அதை நான் சொல்லியாகவேண்டும். "நெஞ்சு வலி இருக்காம்மா?"

"இல்லைங்க" என்றாள் அக்கா. அவள் பொய் சொல்லவில்லை. கடைசிவரை அவளுக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை.

நான் ஒரு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். ஆவணி மாதம் ஒரு தனியார் டிரஸ்ட் எங்கள் சமூகக் கூடத்தில் இலவச மருத்துவ முகாம் வைத்தது. வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். அதில் ஒரு பக்கம் ஆணின் படம் போட்டு, "ஆண்களுக்கு: இதயம், சர்க்கரை, ரத்த அழுத்தம்" என்றும், மறுபக்கம் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் பெண்ணின் படம் போட்டு, "பெண்களுக்கு: கர்ப்பப்பை, மார்பகம், ரத்தசோகை" என்றும் எழுதியிருந்தது. அக்காவை நான்தான் வரச்சொன்னேன். அவள் தன் தெருப் பெண்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கர்ப்பப்பையைப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். ஈசிஜி மெஷின் அடுத்த ஹாலில் இருந்தது. அங்கே கட்டிலைச் சுற்றி ஒரு மறைப்பும் கிடையாது. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். மெஷின் போடுகிறவரும் ஆண். எந்தப் பெண்ணும் அந்தப் பக்கம் போகவில்லை. போகச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை.

அக்கா வாசலில் நின்று அந்த ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்தாள். "ஏன்டி, கர்ப்பப்பைய விட்டா நமக்கு வேற உடம்பே கெடையாதா?" என்று கேட்டாள். கூட வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளே அதிகமாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு, மூச்சு வாங்க, கொடுத்திருந்த இரும்புச்சத்து மாத்திரை அட்டையை விசிறியாக்கி விசிறிக்கொண்டு அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் அக்கா ஃபோன் செய்தாள். குரல் சன்னமாக இருந்தது. அக்காவின் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

"ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன்டி. ஒரு மாதிரியா இருக்கு. முதுக யாரோ பிடிச்சு முறுக்குற மாதிரி."

ஓமவாட்டர் குடித்துப் பார்த்தாளாம். அத்தானுக்கு இட்லி ஊற்றி வைத்துவிட்டுத்தான் எனக்கு ஃபோன் செய்திருக்கிறாள். உடனே கிளம்பி வரச்சொன்னேன். அத்தான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் அன்று அதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவசரப் பிரிவில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. ஆனால் மரியாதையாகத்தான் பேசினார்.

"என்னம்மா பண்ணுது?"

"வாந்திங்க. முதுகுல பிசையுது. கை காலெல்லாம் ஓய்ஞ்சு வருது."

"நெஞ்சு வலி இருக்கா?"

"இல்லைங்க."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

வாந்திக்கும் கேஸுக்கும் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கள், பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் சோடா வாங்கிவரக் கடைக்குப் போனார். அப்போது வாசலில் சத்தம். ஒரு ஆளை நாலு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அவர் நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு கத்தினார். ஸ்ட்ரெச்சர் ஓடி வந்தது, நர்ஸ் ஓடி வந்தார், அந்த டாக்டரும் ஓடி வந்தார். அக்கா தன் கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"வழி விடுடி. நெஞ்ச புடிச்சுக்கிட்டு வராரு பாரு, பாவம்."

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. கதவு ஆடி ஆடி நின்றது. அக்கா, "குளிருதுடி" என்றாள். என் சேலைத் தலைப்பை எடுத்து அவள்மேல் போர்த்தினேன். அவள் என் இடது தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தலை கனத்தது. ஊசி மருந்தில் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். எழுப்பக்கூடாது என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மழையைப் பார்த்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு.

அத்தான் சோடா பாட்டிலோடு வந்து முன்னால் நின்றார். "என்னம்மா இது?" என்றார். "அவ மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

அன்றைக்குத்தான் அக்காவுக்கு முதல்முதலாக ஈசிஜி எடுத்தார்கள்.

பெரிய அட்டாக் என்றார்கள். பல நாளாகவே அறிகுறி இருந்திருக்கும் என்றார்கள். அந்தச் சின்ன டாக்டர் சுவரோரமாக நின்றார். என்னிடம் ஏதோ சொல்ல வந்து, "அவங்க நெஞ்சு வலின்னு சொல்லவே இல்லையேங்க" என்றார். அவர் என்னிடம் நியாயம் பேசவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியாமல்தான் நின்றார். உள்ளே போன அந்த ஆள் பிழைத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நல்லபடியாக இருக்கட்டும்.

கருமாதி முடிந்து வேலைக்குப் போக ஆரம்பித்தேன். அக்கா என்னை விட்டுப் போகவில்லை. கனவில் வந்தாள், நிழலாகத் தெரிந்தாள் என்றெல்லாம் சொல்லமாட்டேன். என் இடது தோளில் அவள் தலையின் கனம் அப்படியே இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் அசையாமல் வைத்துக்கொண்டேன். கைப்பையை வலது தோளுக்கு மாற்றினேன். எங்கள் பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா, நான் அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடுகிறவர், கணவர் குவைத்தில் இருக்கிறார், தனியாக நாலு பிள்ளைகளை வளர்க்கிறவர், ஒருநாள் வாசலில் நிறுத்திக் கேட்டார்: "ஏங்க, யாரோ சாஞ்சிருக்க மாதிரியே நடக்குறீங்களே, என்னங்க?"

பிறகு நான் பெண்களைப் பார்க்க ஆரம்பித்தேன். எங்கே பார்த்தாலும் அக்கா. குடத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்பவள், பஸ் படியில் ஏறித் திணறுபவள், தாடையைத் தடவிக்கொண்டே காய்கறிக்கு விலை பேசுபவள். அத்தனை பேரும் தாங்கள் செத்துக்கொண்டிருப்பது தெரியாமல் கடைத்தெருவில் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஒருநாள் மீன் மார்க்கெட்டில் ஒரு அம்மா சங்கரா மீனை வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியை வைத்துவிட்டுக் கழுத்தையும் தாடையையும் பிடித்துவிட்டுக்கொண்டார். நான் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, நடந்தா மூச்சு வாங்குதா? முதுகு பிசையுதா?"

"மீன் வேணுமா, வேணாமா?"

"ஒரு தடவ ஈசிஜி எடுத்துப் பாருங்கம்மா. நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தப் புள்ளைக்கு என்னமோ புடிச்சிருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பாவப்பட்டுத்தான் சொன்னார். நான் மீன் வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அத்தான் அந்த வீட்டில் தனியாக இருந்தார். மாடுகளை விற்றுவிட்டார். மகள் கூப்பிட்டும் கோயம்புத்தூர் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குழம்பு எடுத்துக்கொண்டு போனபோது, அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உள்ளே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு எடுத்தாங்களே பாப்பா" என்றார். "ஒண்ணுமே இல்லாத எனக்கு எல்லாம் எடுத்துப் பாத்தாங்களே. பாண்டி வரைக்கும் கொண்டுட்டுப் போனாங்களே. அவ என் பக்கத்துலயே ஒக்காந்து வந்தா. அப்பவே அவளுக்கு இருந்திருக்கும்ல?"

நான் குழம்புப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். "இங்க தரையில படுத்திருப்பா" என்று அடுப்படியைக் காட்டினார். "நான் வந்தா எந்திரிச்சிடுவா. இப்பவும் நான் உள்ள போறப்ப யாரோ எந்திரிக்கிற சத்தம் கேக்குது." அதனால்தான் அவர் உள்ளே போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

மாசி மாதம் எனக்கே முதுகு வலிக்கத் தொடங்கியது. தோள்பட்டைகளுக்கு நடுவே, அதே இடம். என் கணவர் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். நான் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அங்கே போனால் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். நானும் இல்லை என்று சொல்லவேண்டிவரும். லாத்தாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மாதம் சில நாட்கள் வெளியூரிலிருந்து வந்து பார்க்கும் இதய மருத்துவர் ஒருவர் இருந்தார். பெண்.

அவர் நெஞ்சு வலி பற்றி எடுத்தவுடன் கேட்கவில்லை. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, ஈசிஜி எடுக்கும்போதே பேச்சுக் கொடுத்தார். பிள்ளை பெற்றபோது பிரஷர் இருந்ததா, கால் வீங்கியதா, சர்க்கரை காட்டியதா, தீட்டு நின்றுவிட்டதா, களைப்பு எப்படி. என் ஈசிஜியில் ஒன்றுமில்லை. மற்ற சோதனைகளிலும் ஒன்றுமில்லை. தோளை இறுக்கி வைத்துக்கொண்டே திரிந்ததில் தசை பிடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா கதையை முழுக்கச் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "அவங்களுக்குப் பிரசவத்துல ஏதாவது சிக்கல் இருந்துச்சா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கால்கள் ஞாபகம் வந்தன. மகளை வயிற்றில் சுமந்தபோது அக்காவின் பாதங்கள் பூசணிக்காய்போல வீங்கியிருந்தன. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அவள் பாதத்தில் விரலை வைத்து அழுத்துவேன், குழி விழும், அது மேலே எழும்பி வருவதை வேடிக்கை பார்ப்பேன். பிரஷர் ஏறி, மாதம் முடியும் முன்பே பிள்ளையை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் அவளைக் கேட்கவில்லை. பிள்ளை பிறந்துவிட்டது, பேச்சு முடிந்துவிட்டது.

"அது முடியறதில்லைங்க" என்றார் டாக்டர். "அப்ப பிரஷர் வந்தவங்களுக்கு இருபது வருஷம், முப்பது வருஷம் கழிச்சு இதயத்துல வரலாம். பிரசவம் பாத்த இடத்துல அவங்கள விட்டுடறாங்க. எங்ககிட்ட வர்றப்ப யாரும் அதைச் சொல்றதில்ல. நாங்களும் கேக்கறதில்ல." என் ஈசிஜி தாளை மடித்தபடி சொன்னார்: "நாங்க படிக்கிறப்ப 'வழக்கமான அறிகுறி'ன்னு எழுதியிருக்கும். யாருக்கு வழக்கம்? ரொம்ப காலமா ஆம்பளைங்களத்தான் வெச்சுப் பாத்திருக்காங்க. நிறைய பொம்பளைங்களுக்கும் நெஞ்சு வலிதான் வரும். ஆனா உங்க அக்கா மாதிரி வலியே இல்லாம, தாடை, முதுகு, வாந்தி, களைப்புன்னு வர்றவங்க பொம்பளைங்கள்ல அதிகம். அது எங்க புத்தகத்துல ஓரமா இருந்துச்சு."

ஓரமாக. நான் வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லையே மென்றுகொண்டிருந்தேன். அக்காவைப் பார்த்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். கேள்வியே வேறு ஒருவருக்காகச் செய்யப்பட்டிருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது, எந்தக் கதவைத் தட்டுவது? ஒருவர் மேல் கோபப்பட முடிந்திருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

அடுத்த ஆவணியில் அதே டிரஸ்ட் மறுபடியும் முகாம் வைக்க வந்தது. நான் எங்கள் மேலதிகாரி அறைக்குப் போய் நின்றேன். பெண்களுக்கும் ஈசிஜி வேண்டும், மறைப்புக் கட்டவேண்டும், எடுக்க ஒரு பெண் வேண்டும் என்றேன்.

"பெண்களுக்குத்தான் தனியா கர்ப்பப்பை முகாம் இருக்கேம்மா" என்றார்.

"சார், அவங்களுக்கு இதயமும் இருக்கு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அக்கா விஷயம் அவருக்குத் தெரியும், துக்கத்துக்கு வந்திருந்தார். "வரமாட்டாங்கம்மா. கூச்சப்படுவாங்க" என்றார் மெதுவாக. "வர்றவங்க வரட்டும் சார்" என்றேன். சம்மதித்தார். பந்தல்காரரிடம் பச்சைத் துணி வாங்கிக் கூடத்தின் ஒரு மூலையில் நாலு பக்கமும் கட்டினோம். டிரஸ்ட்டில் கேட்டுக் கேட்டு ஒரு நர்ஸை அனுப்ப வைத்தேன். அந்தப் பெண் டாக்டரும் மத்தியானம் வரை வந்து உட்கார ஒத்துக்கொண்டார். ஆனால் ஃபிளெக்ஸ் முன்பே அடித்தாயிற்று, பழைய வாசகம்தான்.

மேலதிகாரி சொன்னது பாதி சரி. பெண்கள் வந்தார்கள், எல்லோரும் கர்ப்பப்பை வரிசையிலேயே நின்றார்கள். நான் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துப் பச்சைத் துணிக்குக் கூப்பிட்டேன். "எனக்குத்தான் நெஞ்சு வலி இல்லையேங்க, எதுக்கு?" என்றார்கள். எத்தனை முறை அதைக் கேட்டேனோ. ஒவ்வொரு முறையும் அக்காவின் குரலிலேயே கேட்டது.

வந்த சிலரில் ஒருவர், களையெடுப்புக்கும் நடவுக்கும் போகிற பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. நடுவில் நடுவில் கண் இருட்டும், அவ்வளவுதான் என்றார். நர்ஸ் எடுத்த ஈசிஜியைப் பார்த்த டாக்டர் இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். பிறகு எழுந்து துணிக்கு வெளியே வந்து, "ஆம்புலன்ஸ் சொல்லுங்க" என்றார். அந்தப் பெண்ணின் கணவரைத் தேடிப் பிடித்து வந்தோம்.

"நல்லாத்தானே நடந்து வந்தா" என்றார் அவர். "நாளைக்கு நடவுக்கு ஆள் சொல்லியிருக்குங்க."

"நடவு இருக்கட்டும்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. கூடமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் மட்டும் ரவிக்கைக் கொக்கியைச் சரிசெய்துகொண்டு, பையில் மாத்திரை அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆம்புலன்ஸில் ஏறினார். பாண்டியில் பார்த்தபோது அவருக்கு அடைப்பு இருந்தது. ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தார்.

என் தோளிலிருந்து அக்கா இறங்கிவிடுவாள் என்று அன்று நினைத்தேன். இறங்கவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அந்தப் பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான்தான் அடையாளம் கண்டுகொண்டு பேசினேன். அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை.

"வெயிட்டு தூக்கக்கூடாதுன்னுட்டாங்க. குனிஞ்சு வேல செய்யக்கூடாதாம். என்னைய யாரும் வேலைக்குக் கூப்பிடுறதில்ல இப்ப" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆஸ்பத்திரியில ஆம்பள வார்டுல பாத்தேன். ஒவ்வொரு ஆளு பக்கத்துலயும் ஒரு பொண்டாட்டியோ ஆத்தாளோ ஒக்காந்து சோறு ஊட்டுது. எங்க வார்டுல பாதிப் பேருக்கு ஆளே இல்ல. என் வூட்டுக்காரரு சேத்து விட்டுட்டு மறுநாளே வந்துட்டாரு, மாட்டப் பாக்கணும்னு. பக்கத்துக் கட்டிலு அம்மாதான் எனக்குத் தண்ணி எடுத்துக் குடுத்துச்சு. அதுக்கும் அப்பதான் ஆபரேஷன் ஆயிருந்துச்சு" என்றார்.

"மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"இருக்குற வரைக்கும் சாப்பிட்டேன். முடிஞ்சு போச்சு. மாத்திரை வாங்க அடுத்தடுத்து பாண்டிக்கு வரச்சொல்றாங்க. வண்டிக் காசு யார்கிட்ட கேக்குறது? தனியா எப்படிப் போறது?"

நாளைக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். எங்கே வீடு என்று கேட்டேன். கையைக் காட்டினார். "வாய்க்கா தாண்டி. வந்து கேட்டா சொல்லுவாங்க." அதை அவர் நம்பினமாதிரி தெரியவில்லை. ஆனாலும் என் கையை ஒருமுறை தொட்டுவிட்டு எழுந்தார்.

அவர் இறங்கும் இடத்தில் பஸ் நின்றது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் நடந்தார். இரண்டு பக்கமும் நட்ட வயல், தண்ணீர் நிறைந்து வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பாதி தூரம் போனவர் நின்றார். களைப்பில் நின்றாரா, வயலில் யாரையாவது பார்த்துப் பேச நின்றாரா, எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். கண்டக்டர் விசில் அடித்தார்.